கீமோவுக்கு முன் கையைப் பாருங்கள்: நரம்பு, போர்ட், வன்னியின் தூரம்

கீமோதெரபி என்றதும் வீட்டார் கேட்பது முடி கொட்டுமா, எத்தனை தரம் ஏற்ற வேண்டும், என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்பவைதான். மருந்து எந்த வழியால் உடம்புக்குள் போகப்போகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மூன்றாம், நான்காம் தரத்தில் தாதி இரண்டு கையையும் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்து, "நரம்பு கிடைக்கேல்லை" என்று சொல்லும்போதுதான் அது ஒரு பெரிய விஷயம் என்று தெரியவரும். அந்த நேரத்தில் தெரிவுகள் சுருங்கிப்போயிருக்கும். முதல் ஊசிக்கு முன்பே யோசித்தவர்களுக்குப் பல வழிகள் திறந்திருக்கும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இந்த முன்யோசனை இன்னும் கூடுதலாகத் தேவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் கீமோ எடுக்கப் பலர் தெல்லிப்பழைக்கு, 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் கட்டி 2013இல் திறந்த புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். இன்னும் பலர் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழை ஏறத்தாழ 80 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். மருந்து ஏற்றுவது அங்கே. காய்ச்சல் வருவதும், கை வீங்குவதும், போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்குக் கீழே வைக்கும் சிறு கருவி) அடைத்துக்கொள்வதும் வீட்டில். இந்தக் கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான்: போர்ட் வைப்பதா இல்லையா என்பதை வைக்கும் வைத்தியசாலையை மட்டும் நினைத்து முடிவுசெய்யக் கூடாது. வைத்த பிறகு அதை எங்கே, யார் பராமரிப்பார் என்பதும் முதலிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

கை நரம்பு ஏன் கெடுகிறது

சனம் நரம்பு என்று சொல்வது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தை. முன்கை நாளம் ஒன்றில் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றருக்கும் குறைவான இரத்தமே ஓடும். இதயத்துக்குள் விழும் மேற்பெருநாளத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றர் ஓடும். அதே மருந்து பெருநாளத்தில் விழுந்தவுடன் கலந்து நீர்த்துப்போகிறது. கையிலோ மெல்லிய உட்சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்கிறது. சுவர் அழன்று தடிக்கும். சில நாட்களில் தோலுக்குக் கீழே கயிறு போலத் தட்டுப்படும். தோல் கறுக்கும், கை கடுக்கும். அப்படி இறுகிய நாளம் அந்தச் சிகிச்சை முடியும்வரை பெரும்பாலும் திரும்பப் பயன்படாது.

எல்லா மருந்தும் இப்படிச் செய்வதில்லை. அதனால் மருந்தின் பெயரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். டொக்ஸோருபிசின், எபிருபிசின், வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின், வினொரெல்பின் ஆகியவை நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையையும் தோலையும் அரித்துப் புண்ணாக்கக் கூடியவை. டொக்ஸோருபிசினையும் எபிருபிசினையும் சிவப்பு நிறத்தால் எல்லாருக்கும் தெரியும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது இரத்தமல்ல. பக்லிடாக்செல், டொசிடாக்செல், ஒக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் போன்றவை நாளத்தை எரிச்சலூட்டும். அளவு கூடக் கசிந்தால் காயமும் ஆக்கும். சைக்ளோபொஸ்பமைட், மெத்தோட்ரெக்சேற், டிராஸ்டுசுமாப் போன்றவற்றால் இந்த வகை ஆபத்து மிகக் குறைவு. ஆனால் டிராஸ்டுசுமாப் மூன்று கிழமைக்கொருமுறை ஒரு வருடம் போகும் மருந்து. அது நாளத்தைச் சுடாவிட்டாலும் அத்தனை தடவை குத்தியே நாளம் களைத்துவிடும்.

பயணமும் தண்ணீரும்

உடம்பில் நீர் குறைந்தால் நாளம் சுருங்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வன்னியிலிருந்து போகும் நோயாளர் பலர் காய்ந்த உடம்போடுதான் கதிரையில் போய் அமர்கிறார்கள். காரணம் எளிது. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். வழியில் மலசலகூடம் கிடையாது அல்லது பாவிக்க முடியாத நிலையில் இருக்கும். குறிப்பாகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஏ9 வீதியைக் கடக்கிறார்கள். கோடையில், மூடிய யன்னலோடு போகும் பஸ்ஸில், அது நாளத்தை ஊசிக்கு அகப்படாமல் ஒளித்துவிடும்.

இதற்கு வழி முதல் நாளே தொடங்குவது. வைத்தியர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள் முதல் நாள் முழுதும் 2 லீற்றர் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பயண நாளில் இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அரை லீற்றர் குடித்தால், வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும். தண்ணீர், கஞ்சி, தேசிக்காய்த் தண்ணி எதுவும் சரி. சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் தங்கள் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். சிறுநீரக நோயாளருக்கு இளநீர் நல்லதல்ல, அதில் பொட்டாசியம் அதிகம்.

வாட்டுக்குப் போனதும் கையைச் சூடாக்குங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி முன்கையில் 10 முதல் 15 நிமிடம் வைத்தால் நாளம் விரியும். சூடு சரியா என்று மற்றவர் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீமோவால் விரல் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. கையைக் கதிரைக்குக் கீழே தொங்கவிட்டு, துணிப்பந்து ஒன்றை மெல்லப் பிடித்துவிடுவதும் உதவும். தாதி தட்டுவதைவிட இது நல்லது.

எந்த இடத்தில், எந்த ஊசி

கனுலா என்பது நாளத்துக்குள் விட்டுவைக்கும் சிறு குழாய். அதன் நிறம் பருமனைச் சொல்லும். மஞ்சள் 24 கேஜ், நீலம் 22, றோஸ் 20, பச்சை 18. இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லியது. கீமோவுக்கு நீலமோ மஞ்சளோ பெரும்பாலும் போதும். மெல்லிய கனுலாவைச் சுற்றி இரத்தம் ஓட இடமிருக்கும், மருந்து சுவரில் தேங்காது. இரத்தம் ஏற்றுவதற்குத்தான் பருத்தது தேவைப்படும்.

நல்ல இடம் முன்கையின் நடுப்பகுதி. அரிக்கும் மருந்தை முழங்கை மடிப்பில் ஏற்றக் கூடாது: அங்கே கசிந்தால் வீக்கம் ஆழத்தில் ஒளிந்துவிடும், மடிப்பில் புண் வந்தால் கை நீட்ட முடியாமல் போகும். மணிக்கட்டும் அப்படித்தான், அங்கே உணர்வு நரம்புகளும் தசைநார்களும் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. அதே நாளில் ஏற்கெனவே குத்தித் தவறிய இடத்துக்குக் கீழே, விரல் பக்கமாகப் போடக் கூடாது; மேலே இருக்கும் ஓட்டையால் மருந்து கசியும். மார்பகச் சத்திரசிகிச்சையில் கமக்கட்டு நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கக் கையை இயன்றவரை விட்டுவைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு வேறு கையையோ புறங்கையையோ கொடுத்து, நல்ல முன்கை நாளத்தை மருந்துக்கென்று வைத்திருங்கள். ஊர் வைத்தியசாலையில் இரத்தம் எடுக்கும்போது அங்குள்ளவருக்கு இது தெரிந்திருக்காது. நோயாளிதான் சொல்ல வேண்டும்.

ஒருவர் இரண்டு தரம் முயன்றும் கிடைக்காவிட்டால், அனுபவம் கூடிய இன்னொருவரைக் கூப்பிடுவதுதான் முறை. "இன்னொராளைப் பாக்கச் சொல்லுங்கோ மிஸ்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கனுலா போட்டதும் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, 10 மில்லிலீற்றர் சேலைன் தள்ளி எரிகிறதா, வீங்குகிறதா என்று பார்த்த பிறகே மருந்து. சிவப்பு மருந்தைக் கையால் தள்ளும்போது ஒவ்வொரு 2 முதல் 5 மில்லிலீற்றருக்கும் ஒருமுறை இரத்தம் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். இந்த மருந்துகள் போகும் நேரம் கையைப் போர்த்துக்கொண்டு நித்திரை கொள்ளாதீர்கள், மலசலகூடம் போவதென்றால் முன்பே போய்வாருங்கள்.

கசிந்தால்

எரிவு, குத்து, இறுக்கம், ஊசியைச் சுற்றி வீக்கம், சொட்டு மெதுவாவது, இரத்தம் திரும்பாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். எங்கள் சனத்திடம் பொறுத்துக்கொள்ளும் குணம் அதிகம். கீமோ என்றால் நோகத்தானே செய்யும் என்று வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. கீமோ ஏறும்போது கை நோகக் கூடாது. நொந்தால் எங்கோ பிழை.

கசிந்தது என்று சந்தேகம் வந்தால் மருந்தை உடனே நிறுத்துவார்கள். கனுலாவை உடனே இழுத்தெடுக்கக் கூடாது: அதே கனுலா வழியே முடிந்தளவு மருந்தை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். வீங்கிய இடத்தைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதி, படமும் எடுத்து வைத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று பின்னர் தெரியும். கை உயர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவோ அமத்தவோ கூடாது.

இனி வருவதுதான் அடிக்கடி குழம்பும் இடம். சிவப்பு மருந்துகள் கசிந்தால் குளிர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நாலு தரம், முதல் ஓரிரு நாட்களுக்கு. வின்கிறிஸ்டின், வினொரெல்பின் வகைக்கு நேர்மாறாகச் சூட்டு ஒத்தடம். ஒக்ஸாலிபிளாட்டினுக்குக் குளிர் வைக்கவே கூடாது. அந்த மருந்து குளிரால் உணர்வு நரம்பு வலியைக் கூட்டும். அதனால் எந்த மருந்து என்று தெரியாமல் ஐஸ் வைப்பது உதவியல்ல. எண்ணெய், மஞ்சள், பச்சிலைப் பற்று எதுவும் வேண்டாம். புண் அன்றே தெரியாமல் போகலாம், நாட்கள் கழித்தும் கிழமைகள் கழித்தும் கொப்புளமாக எழும். வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடம் சிவந்து, கறுத்து, கொப்புளித்தால் அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் தொலைபேசியில் அறிவித்துவிட்டுப் போங்கள்.

சிவப்பு மருந்து போகும்போது நாளத்தின் வழியே சிவந்த கோடு ஓடி, கடித்து, அரை மணித்தியாலத்தில் மறைவதும் உண்டு. அது ஒவ்வாமை வகை, கசிவல்ல. இரத்தம் திரும்பி வரும், வீக்கம் இராது. ஆனாலும் எது என்று பார்த்துச் சொல்லவேண்டியவர் தாதி.

யாருக்குப் போர்ட் தேவை

எல்லாருக்கும் தேவையில்லை. நல்ல முன்கை நாளம் உள்ள ஒருவருக்கு நாலு தரம் மட்டும் மருந்தென்றால் கனுலாவே போதும். அரிக்கும் மருந்து பல தரம், கிழமைக்கொருமுறை 12 தடவை பக்லிடாக்செல், 46 மணித்தியாலம் தொடர்ந்து ஓடும் புளோரோயுராசில், ஒரு வருட டிராஸ்டுசுமாப், ஒரு கை மட்டுமே பாவிக்கக்கூடிய நிலை, முதல் நாளே நாளம் கிடைக்காத கை: இவற்றில் ஏதாவது இருந்தால் முதல் தரத்துக்கு முன்பே போர்ட் பற்றிக் கேளுங்கள். கருவியை வைத்தியசாலை தருமா, வாங்க வேண்டுமா, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வன்னியில் மூன்று பேரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, போரில் காயப்பட்டவர்கள். உடம்பில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இருப்பவர்கள் இங்கே ஏராளம். பலர் அதை மறந்தே வாழ்கிறார்கள், கேட்டாலொழியச் சொல்வதில்லை. கழுத்து, தோள், நெஞ்சுப் பக்கம் பழைய காயமோ தழும்போ இருந்தால் உள்ளே நாளம் சுருங்கியோ இடம் மாறியோ இருக்கலாம். போர்ட் வைக்குமுன் அந்தப் பக்கத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் கவலைப்பட வேண்டியது போர்ட்டைப் பற்றியல்ல, பெரும்பாலான போர்ட்டுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ இருக்கும் இரும்புத் துண்டைப் பற்றித்தான். வெட்கமோ பயமோ இல்லாமல் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். சத்திரசிகிச்சை நிபுணருக்கு அது உடம்பின் வரைபடம் மட்டுமே.

இரண்டாவது, ஒரு கையை இழந்தவர்கள். அவர்களுக்கு மிஞ்சிய கைதான் உழைக்கும் கை, சாப்பிடும் கை. அந்தக் கையில் ஒரு கசிவுப் புண் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்து குறைந்த தரமே என்றாலும் இவர்களுக்குப் போர்ட்டை முதலில் யோசிப்பதே நியாயம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மூன்றாவது, சிறுநீரக நோயாளர். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகள் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பிரதேசத்துக்குள் வருகின்றன. இந்நோய் உள்ளவருக்கு ஒருநாள் டயலிசிஸ் தேவைப்படலாம், அதற்கு முன்கை நாளத்தை நாடியோடு பொருத்திப் பிஸ்டுலா என்ற இணைப்பை வைப்பார்கள். ஆகவே முன்கை நாளத்தைக் கீமோவில் கெடுத்துவிடக் கூடாது. சாதாரணமாக இவர்களுக்குப் புறங்கையில் குத்தச் சொல்வார்கள். அரிக்கும் மருந்துக்கோ புறங்கை உகந்ததல்ல. இந்த முரண்பாட்டுக்குக் கழுத்து நாளத்தின் வழியே வைத்த போர்ட்தான் நல்ல விடை. காறை எலும்புக்குக் கீழான நாளத்தையும், கையால் போகும் பிக் லைன் என்ற நீளக் குழாயையும் இவர்களுக்குத் தவிர்ப்பது வழக்கம், அவை பிஸ்டுலாவுக்கு வேண்டிய பாதையை ஒடுக்கிவிடும்.

போர்ட் என்பது என்ன

1980களின் தொடக்கத்திலிருந்து பாவனையில் உள்ள கருவி. இரண்டு பகுதி: டைட்டேனியத்தாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ ஆன, 2.5 முதல் 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள சிறு அறை. அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய். அறையின் மேல்மூடி தடித்த சிலிக்கோன். ஊசி குத்தி எடுத்ததும் அது தானே மூடிக்கொள்ளும், ஆயிரம் தரத்துக்கு மேல் தாங்கும். குழாயின் நுனி மேற்பெருநாளம் இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் தோலுக்குக் கீழே. வெளியே ஒரு சிறு மேடு மட்டும் தெரியும்.

வைப்பது சிறு சத்திரசிகிச்சை. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். வலது பக்கக் கழுத்து நாளம் நேராக இறங்குவதால் அதுவே முதல் தெரிவு. வலது மார்பகப் புற்றுநோய் என்றால் இடது பக்கம் வைப்பார்கள். இரத்தத் தட்டுகள் 50,000க்கு மேல் இருக்கிறதா, இரத்தம் உறையும் நேரம் சரியா என்று முன்பே பார்ப்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிரல் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. வைத்த பிறகு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுனி எங்கே இருக்கிறது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்றிரவு மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்க நெஞ்சு குத்தினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கருவியோடு ஒரு அட்டை தருவார்கள். வகை, தயாரிப்பு இலக்கம், வைத்த திகதி, ஸ்கானுக்கு மருந்தை வேகமாகத் தள்ளும் இயந்திரத்துக்கு அது தாங்குமா என்பவை அதிலிருக்கும். சாதாரணப் போர்ட்டில் அந்த வேகத்தில் தள்ளினால் குழாய் வெடிக்கலாம். அட்டையைப் படமெடுத்து இரண்டு பேரின் தொலைபேசியில் வைத்திருங்கள்.

ஊசி, கழுவுதல், ஊர் வைத்தியசாலை

போர்ட்டில் சாதாரண ஊசி குத்தக் கூடாது. சாதாரண ஊசி சிலிக்கோனைத் துளியாகக் கிள்ளி எடுக்கும், பிறகு அந்த ஓட்டையால் மருந்து தோலுக்குக் கீழே கசியும். இதற்கென்று நுனி வளைந்த ஹூபர் ஊசி இருக்கிறது; 19 முதல் 22 கேஜ். ஒல்லியானவருக்குக் குட்டையானதும் உடல் பெருத்தவருக்கு நீளமானதும் வேண்டும். நீளம் போதாவிட்டால் ஊசி பாதி வழியில் நின்று கசியும்.

செய்முறை இதுதான். கை கழுவி, மாஸ்க் போட்டு, மலட்டுக் கையுறையோடு, குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஸ்பிரிற்றால் 30 செக்கன் தேய்த்துத் தானாகக் காயவிட வேண்டும். ஊதிக் காயவைப்பது கிருமியை வைப்பதற்குச் சமம். மூன்று விரலால் போர்ட்டை அசையாமல் பிடித்து, ஊசியை நேர் செங்குத்தாக அடித்தட்டில் முட்டும்வரை இறக்க வேண்டும். பின்னிழுத்து இரத்தம் வருவதைப் பார்க்க வேண்டும். பிறகு 10 மில்லிலீற்றர் சேலைன். இரத்தம் எடுத்திருந்தால் 20. சிரிஞ்ச் 10 மில்லிலீற்றருக்குச் சிறியதாக இருக்கக் கூடாது, சிறிய சிரிஞ்சில் அமுக்கம் கூடிக் குழாய் கிழியும். தள்ளும்போது ஒரே ஓட்டமாகத் தள்ளாமல் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தித் தள்ளினால் உட்சுவரில் ஒட்டியது கழுவுப்படும். கடைசியில் வைத்தியசாலையின் முறைப்படி இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், அநேகமாக மில்லிலீற்றருக்கு 100 அலகு வீதம் 3 முதல் 5 மில்லிலீற்றர். சில இடங்களில் சேலைன் மட்டும். தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஊசியைக் கழற்ற வேண்டும், அப்போதுதான் இரத்தம் குழாய்க்குள் திரும்பி உறையாது. ஊசி உள்ளே இருக்க வேண்டுமென்றால் 7 நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும்.

பாவிக்காத காலத்தில் 4 கிழமைக்கொருமுறை கழுவுவது நெடுங்கால வழக்கம். இப்போது 6 முதல் 12 கிழமைவரை விடும் நிலையங்களும் உண்டு. உங்கள் இடைவெளி எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒரு வேலைக்காக ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ முழு நாளைச் செலவழித்துப் போவது கஷ்டம். சிகிச்சை முடிந்ததும் பலர் விட்டுவிடுவதும், அதனால் போர்ட் அடைப்பதும் இதனால்தான். ஆகவே வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: கிட்டவுள்ள மாவட்ட வைத்தியசாலையில் ஹூபர் ஊசி இருக்கிறதா, அதைப் போடப் பழகிய தாதி எந்த வாட்டில் இருக்கிறார்? இல்லையென்றால் ஊசியைப் பொதியோடு கொடுத்து, செய்முறையை எழுதிக் கடிதம் தரச் சொல்லலாம். பழகாத கையால் குத்துவிப்பதைவிட இரண்டு கிழமை பிந்திப் பழகியவரிடம் போவது பாதுகாப்பானது.

பிழைகள்

சேலைன் உள்ளே போகிறது, இரத்தம் திரும்பி வருவதில்லை. இதுதான் அதிகம் காணும் பிழை. குழாய் நுனியில் மெல்லிய சவ்வு படர்ந்து உறிஞ்சும்போது அடைத்துக்கொள்ளும். கையை உயர்த்தி, ஒரு பக்கம் திரும்பிப் படுத்து, இருமிப் பார்த்தால் சிலவேளை சரியாகும். சரியாகாவிட்டால் 2 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் போட்டு உறைவைக் கரைக்கலாம். இரத்தம் திரும்பாத போர்ட்டில் அரிக்கும் மருந்து ஏற்ற விடாதீர்கள். "உள்ளுக்குப் போகுதுதானே" என்பது போதுமான உறுதியல்ல. ஊசி விலகியிருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம், நெஞ்சுத் தோலுக்குக் கீழே சிவப்பு மருந்து தேங்கினால் காயம் கையிலிருப்பதைவிட மோசமானது.

கையை உயர்த்தினால் ஓடுகிறது, இறக்கினால் நிற்கிறது என்றால் குழாய் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசிபடுகிறது. நாளடைவில் அறுந்து துண்டு இதயத்துக்குள் போகக்கூடும் என்பதால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. போர்ட் இருக்கும் பக்கக் கை, கழுத்து, முகம் வீங்கினால், நெஞ்சில் புதிதாக நீல நாளங்கள் தெரிந்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். இதற்குப் போர்ட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. நன்றாக வேலை செய்தால் உறைவைத் தடுக்கும் மருந்தோடு வைத்திருப்பார்கள்.

காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் வீட்டுச் சுவரில் ஒட்டுவதென்றால் இதை ஒட்டுங்கள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற் காய்ச்சல் என்றால் அது அவசரம், இரவோ பகலோ. பல மருந்துகளில் ஏற்றிய 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வெள்ளைக் குருதிக்கலங்கள் மிகக் குறையும். அந்த நாட்களில் கிருமி சில மணித்தியாலத்தில் ஆளை வீழ்த்தும். பனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்கி, விடிந்ததும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. டெங்கும் உள்ள ஊர் இது, அதனால் டிக்ளோபினாக், அஸ்பிரின், புரூபன் எதுவும் எடுக்க வேண்டாம். தெல்லிப்பழைக்கு ஓடவும் வேண்டாம். கிட்டவுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிற ஆள், போர்ட் இருக்கு, காய்ச்சல்" என்று சொல்லி டயக்னோசிஸ் காட்டைக் காட்டுங்கள். முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும் என்பதே இலக்கு. முடிந்தால் அதற்கு முன் போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக இரத்த வளர்ப்புக்கு எடுப்பார்கள். எங்கிருந்து கிருமி வருகிறது என்று அதில்தான் தெரியும். போர்ட்டைக் கழுவி அரை மணித்தியாலத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிருமி போர்ட்டுக்குள்தான் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வைத்தியர் பார்க்கும்வரை அதைப் பாவிக்க விடாதீர்கள்.

பிக் லைன்

மேற்கையின் நாளத்தால் விட்டு இதயத்தருகே போகும் நீளக் குழாய். சத்திரசிகிச்சை இல்லாமல் வைக்கலாம், சில மாதம் பாவிக்கலாம். ஆனால் வால் வெளியே தொங்கும். கிழமைக்கொருமுறை கட்டு மாற்றிக் கழுவ வேண்டும், ஒருபோதும் நனையக் கூடாது. கிணற்றில் அள்ளி முழுகும் வீட்டில், காலபோக வயற்சேற்றில் வேலை இருக்கும் வீட்டில் இதைச் சுத்தமாக வைத்திருப்பது பெரும் பாடு. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுப்பவருக்குப் பொருந்தும்.

போர்ட்டோடு வீட்டில்

தையல் ஆற 7 முதல் 10 நாள். அதுவரை அந்த இடத்தை நனைக்காமல் மேல் கழுவுங்கள். ஆறிய பிறகு, ஊசி உள்ளே இல்லாத நாட்களில், கிணற்றடியிலும் குளிக்கலாம், குளத்திலும் முழுகலாம். தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, விறகுக் கட்டு ஆகியவற்றை அந்தத் தோளில் சுமக்க வேண்டாம். மண்வெட்டி வேலையும் உலக்கை இடிப்பும் முதல் சில கிழமைக்கு வேண்டாம். பிறகு வைத்தியரைக் கேட்டு மெல்லத் தொடங்கலாம். சட்டைப் பட்டியோ தாலிக்கொடியோ மேட்டில் உராய்ந்தால் நாளடைவில் தோல் மெலிந்து போர்ட் வெளியே தெரியவரும். மேட்டின் தோல் சிவந்து பளபளத்தால் காட்டுங்கள். வற்றாப்பளைக்குக் காவடி நேர்ந்தவர்கள் சிகிச்சை முடிந்த பிறகு நிறைவேற்றலாம். கீமோ நடக்கும்போது தோலில் செடில் குத்துவது உயிருக்கு ஆபத்து.

சிகிச்சை முடிந்து எப்போது எடுப்பது என்பதை வைத்தியர் நோயின் தன்மையைப் பார்த்துச் சொல்வார். நோய் திரும்பக்கூடும் என்று கருதினால் சில காலம் விட்டுவைப்பார்கள், அதுவரை கழுவுதல் தொடர வேண்டும். எடுப்பதும் மரக்கச் செய்து அரை மணித்தியாலத்தில் முடியும் வேலை. கையில் இறுகிப்போன பழைய நாளங்கள் மெல்ல இளக மாதங்கள் எடுக்கும்; சில இளகாமலே போகும். அதன் பிறகும் இரத்தம் எடுக்கக் கை நீட்டும்போது, எந்த நாளத்தில் எந்த மருந்து போனது என்று சொல்லி வேறொன்றைக் காட்டுங்கள்.